ஏழிரண்டு ஆண்டும் பதினொரு கட்டமும்

சேலத்தில் எங்கள் வாசகர் வட்டம் கோடையில் ஒரு முறை ஏற்காட்டில் கூடும். இந்த முறை பேசுபொருள் 'நாடு நீங்கியவர்கள்'. கட்டுரை வாசிக்க ஆட்கள் முன்பே கிடைத்துவிட்டதால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தூங்கிவிடாமல் இருக்க ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம், பதினைந்து சொற்கள். அதை அமைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். விடைகள் எல்லாம் உடைந்துதான் கிடக்கும்.

வேலையைத் தொடங்கும்போதே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். 'இந்த நாவலை எழுதியவர் யார்' என்ற மாதிரிக் கேள்வி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது தேர்வுத்தாள், புதிர் அல்ல. தெரிந்தவன் நொடியில் எழுதிவிடுவான், தெரியாதவன் பேனாவை மூடிவிடுவான். இருவருக்குமே விளையாட்டு இல்லை. நூலைப் படித்தவர் நினைவின் வழியாக வரட்டும். படிக்காதவர் எழுத்துகளைப் பிரித்தும் கூட்டியும் வரட்டும். இருவரும் ஒரே விடையில் வந்து முட்ட வேண்டும்.

முதலில் தலைப்புகளைத் திரட்டினேன். மேற்கே நாடுகடத்தலை அப்படியே தலைப்பில் வைத்த நூல்களுக்குக் குறைவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1957-இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பில் நாடுகடத்தலும் அரசும் அருகருகே நிற்கின்றன. உள்ளே ஆறு கதைகள். ஜாய்ஸின் 1918 நாடகத்துக்கு 'நாடு நீங்கியோர்' என்று பொருள்படும் பெயர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து பாரிசுக்குத் தப்பியவர்களைப் பற்றி ஃபாய்க்ட்வாங்கர் எழுதி 1940-இல் வந்த நாவலுக்கு 'நாடுகடத்தல்' என்ற ஒற்றைச் சொல்லே தலைப்பு. ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்கு இந்தப் பொருள் பழகிய மேய்ச்சல் நிலம். நெப்போலியனை அனுப்பிய எல்பா தீவும், அகஸ்டஸ் கருங்கடற்கரைக்குத் துரத்திய ஓவிட் என்ற கவியும் அவர்களுடைய கட்டங்களில் ஓயாமல் வருவார்கள். காரணம் வரலாற்றுப் பற்று அல்ல. இரண்டுமே நான்கெழுத்து, இரண்டிலுமே பாதி உயிரெழுத்து.

தமிழ்ப் புனைகதைக்குத் திரும்பினால் நிலைமை வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றிப் புதுமைப்பித்தன் எழுதியது 'துன்பக்கேணி'. ப. சிங்காரத்தின் இரு நாவல்கள் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972). மூன்றிலும் உள்ளே இருப்பது ஊரை விட்டவர்களின் வாழ்க்கை; தலைப்பில் இருப்பதோ கேணி, கடல், தோணி. நம்மவர்கள் பிரிவைப் பெயரில் சொல்லாமல் தண்ணீரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது என் ஊகம்தான், ஆராய்ச்சி முடிவு அல்ல. நேரடியாகப் பெயர் வைத்த துணிச்சல் காவியங்களின் உட்பிரிவுகளுக்கு உண்டு: கம்பனில் நகர் நீங்கு படலம், வில்லிபாரதத்தில் ஆரணிய பருவமும் விராட பருவமும்.

புத்தக அட்டையிலேயே அதைப் பொறித்தவர் கண்ணதாசன். 'வனவாசம்' நாவல் அல்ல, தன் வரலாறு. திராவிட இயக்கத்தில் தான் இருந்த ஆண்டுகளுக்கு அவர் சூட்டிய பெயர் அது. அடுத்த பகுதிக்கு 'மனவாசம்'. அவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர். ஏற்காடு சாலையில் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் முகப்பு வளைவைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். உள்ளூர்ப் புதிருக்கு இதைவிடப் பொருத்தமான அச்சாணி கிடைக்காது என்று வனவாசத்தை நடுவில் வைக்க முடிவு செய்தேன்.

இனி எழுத்து. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கி ஓர் எழுத்து, க் ஓர் எழுத்து. கணினிக்கு அது புரியாது. 'தமிழ்' என்ற சொல்லை பைத்தானில் எண்ணச் சொன்னால் ஐந்து என்கும், ஏனென்றால் யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். சொற்பட்டியலை அதில் ஏற்றி 'மூன்றாம் எழுத்து வா' என்று தேட வேண்டுமானால், குறிகளையும் புள்ளியையும் முந்திய எழுத்தோடு ஒட்டவைக்கும் ஒரு சிறு விதியை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு வேறு சொற்கள். ஆகவே பட்டியல் முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும். கட்டத்தையோ நான் பென்சிலால்தான் போட்டேன். கணினியிடம் சொல் கேட்கலாம், அமைப்பைக் கேட்கக் கூடாது. அது தருகிற கட்டங்களில் உயிர் இருப்பதில்லை.

உண்மையான முட்டுக்கட்டை இலக்கணத்தில் இருக்கிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ன, ண, ள, ழ, ற ஆகியவற்றிலும் தொடங்காது. தனி உயிரெழுத்தோ சொல்லின் முதலில் மட்டும்தான் வரும், அளபெடையை விட்டுவிடுவோம். இதையெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. கட்டம் போடும்போது இதுதான் வரைபடம். குறுக்கே ஒரு சொல் 'அ'-வில் தொடங்கினால், அதைக் கீழ்நோக்கி வெட்டுகிற சொல்லும் அதே 'அ'-வில்தான் தொடங்கியாக வேண்டும். அதனால் முதல் வரிசையிலேயே அகதியையும் அஞ்ஞாதவாசத்தையும் ஒரே கட்டத்தில் பூட்டினேன். முதலாவது குறுக்கே, இரண்டாவது கீழே.

அஞ்ஞாதவாசம் ஏழு எழுத்து: அ, ஞ், ஞா, த, வா, ச, ம். ஏழாம் வரிசையில் 'ம்' என்று முடிகிறது. அந்த ம்-இல் வேறு சொல் தொடங்க முடியாது, ஒன்று அங்கே முடியலாம், அல்லது நடுவில் அதைக் கடந்து போகலாம். வனவாசமும் ம்-இல்தான் முடிகிறது. இடது ஓரத்திலிருந்து வ, ன, வா, ச, ம் என்று ஐந்து கட்டம் ஓடி, மேலிருந்து இறங்கிய அஞ்ஞாதவாசத்தின் கடைசிப் புள்ளியில் மோதி நின்றது. இரண்டு வாசங்களும் ஒரே மூலையில் சந்தித்ததைப் பார்த்தபோது இந்தப் புதிர் உருப்பட்டுவிடும் என்று தெரிந்தது. இடையில் ஞா-வைக் கடக்க விஞ்ஞானம் உதவியது. பேசுபொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஞா வேண்டுமென்றால் யாசகம்தான். அதன் 'வி'-யிலிருந்து விடுதியும், அகதியின் 'தி'-யிலிருந்து திறமும் இறங்கின. ஐந்தாம் வரிசை 'வா'-வில் வானரம்.

வானரத்தின் கடைசி ம்-ஐ என்ன செய்வது? நடுவில் ம் உள்ள சொல் தேவை. கம்பன்! ஏழாம் வரிசையில் வனவாசத்துக்கு வலப்புறம் ஒரு கறுப்புக் கட்டம் போக, மீதி ஐந்து. கம்பன் தன் ன்-ஐ அங்கே இறக்கிவைத்திருக்கிறார். இரண்டாம் எழுத்து ன் ஆக உள்ள ஐந்தெழுத்துச் சொல் வேண்டும். உடனே வந்தது காம்யுவின் நாவல். வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பு, அந்நியன். நாடு நீங்காமலே நாடு இழந்தவன், பேசுபொருளுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் அட்டையில் அச்சாகியிருப்பது 'ந்நி'. எனக்கு வேண்டியது 'ன்னி'. இரண்டு விதமாகவும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். தலைப்பைக் குறிப்பாகத் தந்துவிட்டு அதன் எழுத்தை என் வசதிக்கு மாற்றுவது அடாவடி. விட்டுவிட்டேன்.

அந்த இடத்தில் வந்து அமர்ந்தது மன்னவன். காட்டுக்குப் போகச் சொன்ன கைகேயியிடம் கம்பனின் இராமன் "மன்னவன் பணி அன்று ஆகின் நும் பணி மறுப்பெனோ" என்கிறானே, அந்த மன்னவன். அது கம்பன் என்ற சொல்லிலேயே வந்து இணைகிறது. வரிசையும் விளிம்புக்கு விளிம்பு நிறைந்துவிட்டது: வனவாசம், ஒரு கறுப்பு, மன்னவன். அங்கிருந்து வயது கீழே இறங்கி, ஒன்பதாம் வரிசைப் பாதுகையின் 'து'-வில் முடிந்தது. பாதுகை மூன்றெழுத்துதான், மூன்றும் வேலை செய்கின்றன: முதல் எழுத்திலிருந்து பாரதி இறங்குகிறார், கடைசி எழுத்திலிருந்து கைகேயி. பாதுகையின் ஒரு முனையில் கைகேயி தொங்குவதை நானாகத் திட்டமிட்டிருந்தால் மிகையாக இருந்திருக்கும்.

இடப்புறம், வனவாசத்தின் 'வா'-விலிருந்து வாகுகன். அதன் 'க'-வை வெட்டிக்கொண்டு பிருகன்னளை, அஞ்ஞாதவாசத்தில் அர்ஜுனன் வைத்துக்கொண்ட பெயர்.

கட்டத்தை 180 பாகை திருப்பினாலும் கறுப்புகள் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்ற சமச்சீர் விதியை நான் பின்பற்றவில்லை. புள்ளியெழுத்துகள் உள்ள மொழிக்கு அது பெரிய பாரம். அதைக் காப்பாற்றுவதற்காக நல்ல சொற்களை வெளியே தள்ளிவிட்டு 'அணு', 'ஆணி' என்று அடைப்பதில் என்ன அழகு? என் கட்டத்தில் கறுப்பு அதிகம். கீழ் இடது மூலை ஏறக்குறைய பொட்டல். இருந்துவிட்டுப் போகட்டும்.

குறிப்பு எழுதும் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. பொதுவாக இதை ஆங்கிலேயரின் பித்து என்று நினைக்கிறோம். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியும் விளையாடியது நம் சித்திரகவிகள். மாலைமாற்று, மாத்திரைச் சுருக்கம், எழுத்து வருத்தனை என்று தண்டியலங்காரத்தில் வகை வகையாக இருக்கின்றன. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று நன்னூல் சொல்லும் செய்யுள் விகாரங்கள் புதிர்க்காரனுக்கு ஆயத்தக் கருவிகள். புதிதாகக் கலைச்சொல் எதையும் செய்யத் தேவையில்லை.

வனவாசத்துக்கு எழுதியது: 'கண்ணதாசன் எழுதிய காட்டு மணம் (5)'. நூல் தெரிந்தவருக்கு ஒரு கணம். தெரியாதவர் காட்டை வனம் என்றும் மணத்தை வாசம் என்றும் மாற்றிப் பார்த்து வந்து சேரலாம்.

பாதுகைக்கு: 'பாதுகாப்பு தொடங்கியதும் கை சேர்ந்தது, அரியணையில் அமர்ந்தது (3)'. பாரதிக்கு: 'பாதிக்குள் ரகரம் புகுந்தது; புதுவைக்குள் புகுந்தவர் (3)'. பாரதி புதுவையில் இருந்தது 1908 முதல் 1918 வரை. 'பாஞ்சாலி சபதம்' அங்கே எழுதியது, முதல் பாகம் 1912-இல் வந்தது. சூதில் தொடங்கிச் சபதத்தில் முடித்துவிடுகிறார். பாண்டவர் காட்டுக்குப் போகும் இடத்துக்கு அவர் போகவே இல்லை. தானே நாடு நீங்கி உட்கார்ந்திருந்தவர் அதை ஏன் தொடவில்லை என்ற கேள்வியைக் கட்டத்துக்குள் நுழைக்க முயன்றேன். மூன்றெழுத்துக்கு அந்தச் சுமை ஆகாது.

கைகேயிக்கான குறிப்பைக் கம்பனே பாதி எழுதிவைத்திருக்கிறார். "ஆழிசூழ் உலகம் எல்லாம் பரதனே ஆள" என்று தொடங்கும் பாட்டில் அவள் பதினான்கு என்று சொல்லவில்லை. "ஏழிரண்டு ஆண்டின் வா" என்கிறாள். கணக்கைப் பெருக்கிக்கொள்ளும் வேலையைக் கேட்பவனிடம் தள்ளிவிடுகிறாள். கேட்பதற்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறது பாருங்கள், ஏழு, இரண்டு. கடைசியில் 'போ' என்ற உத்தரவு 'வா' என்று முடிகிறது. இதைவிடத் தேர்ந்த புதிர்க்குறிப்பை நான் படித்ததில்லை. என் பங்கு: 'கேட்டது இரண்டு, அதில் ஒன்று ஏழிரண்டு (3)'. கம்பனைத் தொடாதவர்களும் ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' வழியாக இரண்டு வரங்களை அறிந்திருப்பார்கள். ஒரு காலத்தில் நம் ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவருக்கு நாம் செய்யும் மரியாதையாகவும் இருக்கட்டும்.

வாகுகனுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். நாட்டைச் சூதில் தோற்று, கார்க்கோடகன் கடித்து உருவம் மாறிய நளன், அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகச் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது. பாகுகன் என்றும் எழுதுவார்கள். அங்கேதான் இக்கட்டு. வனவாசத்திலிருந்து இறங்குவதால் 'வா' உறுதி என்றாலும், வனவாசத்தை இன்னும் கண்டுபிடிக்காதவர் என்ன செய்வார்? சொல்லைப் பென்சிலால் பிரித்து எழுதினேன்: வா, குகன். அப்புறம் எழுத ஒன்றும் இல்லை. 'ஓடக்காரனை வரச் சொன்னால் தேரோட்டி வந்து நிற்கிறான் (4)'. அயோத்தியை விட்டு வந்தவனைக் கங்கை கடத்திய குகனும், நாட்டை இழந்து அயோத்திக்குப் போன நளனும் நான்கு கட்டத்துக்குள். பகரமா வகரமா என்ற சந்தேகமும் தீர்ந்தது. குகனைப் 'பா' என்று யாரும் அழைக்க மாட்டார்கள்.

பிருகன்னளையிலும் இதே இக்கட்டு. பிருகந்நளை என்றும் எழுதலாம், எழுத்து எண்ணிக்கையும் அதே ஆறு. வெட்டுகிற எழுத்து 'க' மட்டும், ஆகவே கட்டம் தீர்ப்பு சொல்லாது. குறிப்புதான் சொல்ல வேண்டும்: 'கன்னத்தின் கடைக்குறை நடுவில், உத்தரைக்கு ஆடல் சொல்லித்தந்த வில்லாளி (6)'. கன்னம் ம் இழந்து கன்ன ஆகி நடுவில் நின்றால் ன்-க்கு ந் போட முடியாது.

மற்றவற்றில் நேரம் செலவழிக்கவில்லை. கம்பனுக்கு, தூணின் கடைமெய் திரிந்தால் தேரழுந்தூர்க் கவி. வானரத்துக்கு, வானும் அரமும். அஞ்ஞாதவாசத்துக்கு 'ஒளிந்து கழித்த பதின்மூன்றாம் ஆண்டு' என்று நேரடியாகவே போட்டேன். ஏழெழுத்துச் சொல் ஒன்று சீக்கிரம் விழுந்தால்தான் மற்றவை அவிழும்.

சோதித்துப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் குடியிருக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இன்னொருத்தி பொறியியல் படிக்கும் என் தங்கை மகள். அவளையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தாளை மடியில் வைத்துக் குனிந்தபடியே வந்தாள். எனக்குத்தான் தலை சுற்றியது. மேலே போய் இறங்குவதற்குள் ஓடக்காரனைக் குகன் என்று பிடித்து, வா சேர்த்து, கட்டத்தை நிரப்பிவிட்டாள். குகன் பள்ளிப் பாடத்தில் வந்தவனாம்.

"விடை சரிதானே மாமா? ஆனால் இந்த வாகுகன் யார்?"

நான் நினைத்திருந்த இரண்டாவது வழி இதுதான். விடை முன்னால் வந்துவிட்டது, கதை பின்னால் வருகிறது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அவர் நளன் கதையைச் சொல்லத் தொடங்கி, காப்பி ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை.

ஆசிரியர் அஞ்ஞாதவாசத்தையும் பிருகன்னளையையும் குறிப்பை முழுக்கப் படிக்காமலே எழுதினார். திறத்தில் மாட்டிக்கொண்டார். மன்னவனுக்குக் கம்பனின் அந்த வரியையே முதல் சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் குறிப்பாகக் கொடுத்திருந்தேன். அதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம்.

"கோடிட்ட இடத்தை நிரப்புக என்று போட்டிருக்கிறீர்களே, தம்பி. இதை நான் நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அலுத்துவிட்டேன்."

"பாட்டு அழகாக இருக்கிறது என்றுதான் ஐயா..."

"பாட்டு அழகுதான். உங்கள் குறிப்பு அழகா?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் வைத்த நிபந்தனையைத்தான் அவர் எடுத்து என் முன் போட்டார். பாட்டை எடுத்துவிட்டு, 'நிலைத்த அவன், தசரதனைப் போல (5)' என்று மாற்றினேன். மன் என்றால் நிலைபேறு. மன்னும் அவனும் சேர்ந்தால் மன்னவன். ஆசிரியர் அதற்கும் முழுதாகத் தலையாட்டவில்லை, மன் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்றார். தங்கை மகள் "மன்னிய என்று பாட்டில் வருமே" என்று எனக்காகப் பேசினாள். அகதிக்கு 'முதலெழுத்துக்குப் பின் புகலிடம் இருந்தும் புகலிடம் இல்லாதவர் (3)' என்று எழுதியிருந்தேன். சொல் பிறந்த கதையையே குறிப்பாகக் கொடுத்தால் அது ஆட்டம் ஆகுமா என்று அவர் கேட்டார். அதை நான் மாற்றவில்லை. மூன்றெழுத்தில் அவ்வளவு பொருள் கிடைக்கும்போது ஆட்டம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

அச்சுக்கு மூன்று செய்திகள். கறுப்புக் கட்டங்களை முழுக் கறுப்பாக ஜெராக்ஸ் எடுத்தால் தாள் சுருளும், மறுபக்கமும் அழுக்காகும், இளஞ்சாம்பல் போதும். கட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது வேண்டும். ஆங்கிலப் புதிரின் கட்டத்தில் 'ளை'யையும் 'ஞ்'-ஐயும் கையால் எழுதிப் பார்த்தால் ஏன் என்று தெரியும். எண்ணை இடது மேல் மூலையில் மிகச் சிறிதாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் எண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

துன்பக்கேணி இந்த முறை இடம் பெறவில்லை. ஆறெழுத்தில் இரண்டு புள்ளி, அதிலும் 'க்'-ஐ வெட்டுவதற்கு நடுவில் க் உள்ள சொல் வேண்டும். 'ன்'-க்குத் தோதாகக் கம்பன் மறுபடி வர மாட்டார். அடுத்த கட்டத்தை அதிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்; 'து'-விலிருந்து துறைமுகம் இறங்குகிறது, 'கே' இன்னும் காலி.